நிமிடத்துக்கு அறுபத்தைந்து சுற்று

பாங்காக்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்துப் பதினாறு மாதம் ஆகிறது. நியாஸ் பாய் துணி எடுக்க மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ இங்கே வருவதால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடு.

என் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவில் ரிதம் அண்ட் ப்ளூஸ் தொடங்கிய காலத்தில் ஒன்றோ இரண்டோ ரெக்கார்டு பாடிவிட்டுக் காணாமல் போனவர்களைப் பற்றியது. அதில் மிக நீண்ட அத்தியாயம் எல். கிரென்ஷாவைப் பற்றியது. அப்பாவுடைய ரெக்கார்டு, ஞாபகம் இருக்கும். பச்சை லேபிள், கப்பல் சமையல்காரன் துறைமுகத்தில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. உலகத்தில் வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. லேபிளில் எல். கிரென்ஷா என்றுதான் இருக்கிறது. நான் மூன்று வருடம் தேடி, 1950இல் அமெரிக்காவில் மொபைல் என்ற ஊரில் சலவைக்கடையில் வேலை பார்த்த லெஸ்டர் கிரென்ஷா என்பவரைக் கண்டுபிடித்தேன். பாட்டும் சலவைக்கடைப் பாட்டுதான். ஊரார் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போடுகிறேன், அதில் ஒன்றுகூட என்னவருடையது இல்லை என்று வரும்.

இப்போது ஒரு தொல்லை. நான் இணையத்தில் போட்ட நாற்பது விநாடித் துண்டைக் கேட்டுவிட்டு டெனிஸ் என்ற ஒரு பெண் எழுதுகிறாள். அவளுடைய அம்மா லூசில் கிரென்ஷா பாடிய பாட்டாம் அது. அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்று நான்கு வயது. அது ஆண் குரல் என்று காது உள்ள யாருக்கும் தெரியும். பதிப்பாளர் பயப்படுகிறார்.

நான் 2019இல் அந்த ரெக்கார்டின் முதல் பக்கத்தை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரண்டாம் பக்கத்தையும் பதிவு செய்து அனுப்பு. லேபிளைப் படம் எடு. அது போதும், இந்தப் பேச்சை முடித்துவிடலாம்.

மூன்றாவது தடவையாக அறை மாறியிருக்கிறேன். எங்கேயும் உட்கார முடியவில்லை.

பிரேம்நாத்


மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
30 ஜூன் 2024

பிரேம்,

இரண்டு தடவை படித்தேன். அதில் அப்பா துறைமுகத்தில் ரெக்கார்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். செத்துப்போனவராக எங்கேயும் இல்லை.

எதற்காகத் தடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் நானே வைத்துவிட்டு, ஈரப் புடவையோடு வந்து போனை எடுத்துப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து செய்தி. 'மழைக்கு முன்னால் ரெக்கார்டுகளை மேல் தட்டுக்கு மாற்றிவிடு. சுவர் ஓதம் ஏறும்.' வேறு ஒரு சொல் இல்லை. நீ வந்தால் இந்த ராணுவ ஆட்சியில் திரும்பிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும், அதற்காக நான் கோபப்படவில்லை. ரெக்கார்டுக்கு ஓதம் ஏறும் என்று கவலைப்பட்டாயே, அதற்குத்தான்.

மேல் தட்டுக்கு மாற்றினேன். அதையும் செய்தேன்.

இங்கே ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் காலம். நாளுக்கு எட்டு மணி நேரம் கரன்ட் வந்தால் பெரிது, அந்த மீயையும் நாலு நாலாகப் பிய்த்துத் தருகிறார்கள். மீ இருக்கும்போது மோட்டார் மெஷின், போனால் கால் மெஷின். மாறி மாறி உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. உன் கிரென்ஷாவுக்கு நேரமில்லை.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. எனக்குப் பதினைந்து வயதில், பஜனைக்கு ஹார்மோனியம் பழகிக்கொண்டிருந்தபோது, நம் வீட்டு ரெக்கார்டு மிஷின் ஒன்றரைக் கட்டை இறங்கிப் பாடுகிறது என்று சொன்னேன். மேல்வீட்டு டோ மியாவின் சாவி கிராமஃபோனில் அதே ரெக்கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அமெரிக்கா மிஷினுக்கு சுருதி சொல்லித் தர வந்துட்டா பாரு." அவர் சிரித்தார். எட்டு வயசு நீ அவரைவிட அதிகமாகச் சிரித்தாய். ஒரு வாரம் என்னைச் சுருதிப்பெட்டி என்று கூப்பிட்டீர்கள்.

அந்த டெனிஸுக்கு நீ என்ன பதில் எழுதினாய்?

நீலாம்பாள்


பாங்காக்
14 ஜூலை 2024

அக்கா,

அப்பா போன அன்றைக்கு அந்தச் செய்தியைப் பத்துத் தடவை அடித்து அடித்து அழித்தேன். 'அப்பா' என்று தொடங்கினால் அடுத்த சொல் வரவில்லை. கடைசியில் அழிக்காமல் விட்டது அந்த ரெக்கார்டு சமாச்சாரம் ஒன்றுதான். அதை அனுப்பியிருக்கக் கூடாது. இதை உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். சாவி கிராமஃபோனின் வேகம் அதை முடுக்குகிறவர் கையில் இருக்கிறது. நம்முடையது மின்சார மோட்டார். அப்பா அதை, ஊரைவிட்டுப் போன ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் ஏலத்தில் எடுத்தார். இருநூற்றிருபது வோல்ட்டை நூற்றுப்பத்தாகக் குறைக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைத்தார். அதில் பிசகு வர வழியே இல்லை. இணையத்தில் இருக்கும் பழைய பாட்டுகள் நம் வீட்டில் கேட்டதைவிட வேகமாக ஓடுவது எனக்கும் தெரியும். எல்லாம் அவசரக்காரர்கள் செய்த பதிவு. 'ரங்கூன் நிதானம்' என்று நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். இருபது பேர் பாராட்டினார்கள்.

டெனிஸுக்கு என்ன எழுதினேன் என்று கேட்டாய். உங்கள் தாயாரின் வயதை மதிக்கிறேன், ஆனால் ஒலி பொய் சொல்லாது, பாடியவர் ஓர் ஆண் என்று எழுதினேன். அவள் மறுபடி ஒரே ஒரு வரி அனுப்பினாள். அந்த அம்மா துண்டைக் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "என் பாட்டை எடுத்து எவனோ ஒரு ஆம்பளைக்குக் கொடுத்துட்டாங்க." ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம்.

பாட்டு தன்னுடையது, குரல் தன்னுடையது இல்லை என்று அவளே ஒத்துக்கொள்கிறாள், பார். எனக்கு இதுவே சாட்சி என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

சொன்னேனே தவிர அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் பக்கத்தைச் சீக்கிரம் அனுப்பு.

பிரேம்


மிங்கலா தாங்ஞுன்ட்
4 ஆகஸ்ட் 2024

பிரேம்,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

உன் கடிதத்தில் அந்த அம்மா சொன்னதைப் படித்ததிலிருந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை எனக்கு. தன் பாட்டில் தன் குரல் இல்லை என்று ஒரு கிழவி பட்டினி கிடக்கிறாள், நீ அதைச் சாட்சி என்கிறாய்.

வெள்ளிக்கிழமை மதியம் மீ வந்ததும் மிஷினைத் திறந்தேன். ரெக்கார்டின் லேபிள் மேல் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை ஒட்டினேன். அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதம் என் முன்னால் வரும்போதெல்லாம் எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று வர வேண்டும். அறுபத்தைந்து வந்தது. எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன், அப்படி நினைத்துத்தானே பழக்கம். டோ மியாவின் மருமகளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அறுபத்தைந்து. ஒன்பது தடவை எண்ணினோம்.

மறுநாள் மிஷினைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பசுந்தாங் போனேன். அங்கே ஆபித் என்பவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார், லேத்தும் வைத்திருக்கிறார். கவிழ்த்துப் போட்டு மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல அறுபது சைக்கிள்னு போட்டிருக்கு, அக்கா. நம்ம ஊர் கரன்ட் செகண்டுக்கு அம்பது தடவைதான் துடிக்கும், மோட்டாரும் அந்த வேகத்துலதான் ஓடும். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும், சைக்கிளை அது என்ன பண்ணும்? இது இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து மெதுவாத்தான் சுத்துது."

வந்த நாளிலிருந்து, பிரேம். அப்பா கேட்ட ஒவ்வொரு பாட்டும், நீ மூன்று வருடம் தேடிய குரலும், உன் ரங்கூன் நிதானமும். நாம் அந்தப் பெண்ணின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சலவைக்கடை, என்னவருடைய சட்டை இல்லை என்றெல்லாம் ஒரு பாட்டு வந்தால், பாடினவள் பெண்ணாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

நான் சொன்னேன் என்று சொல்லிக்காட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது அந்தச் சந்தோஷமும் வரவில்லை. உன்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, வேகத்தைக் கூட்டிப் பார். பார்த்துவிட்டு முதலில் எனக்கு எழுதாதே, அவர்களுக்கு எழுது.

நீலாம்பாள்


பாங்காக்
19 ஆகஸ்ட் 2024

அக்கா,

கூட்டினேன். அறுபத்தைந்தை எழுபத்தெட்டு ஆக்க இரண்டு தட்டுத் தட்டினால் போதும். ஐந்து வருடமாக அந்தப் பொத்தான் என் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

இருபது வயதுப் பெண், அக்கா. கீழ்ஸ்தாயியில் கனமான குரல், மேலே போகும்போது ஓரத்தில் ஒரு கீறல். லெஸ்டர் சலிப்போடு பாடுகிறார் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சலிப்பே இல்லை. அவள் கோபத்தில் இருக்கிறாள். எழுந்து அறைக்குள் நடந்துகொண்டே கேட்டேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

டெனிஸுக்கு எழுதிவிட்டேன். நியாயம் எதுவும் பேசவில்லை. மிஷின் மெதுவாகச் சுற்றியது, அதை என் அக்கா முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்பே சொன்னாள், நான் கேட்கவில்லை, உங்கள் அம்மா சொன்னதுதான் உண்மை என்று எழுதி, சரிசெய்த பாட்டையும் அனுப்பினேன். புத்தகத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் கத்தினார், கத்தட்டும். பிழைப்புக்கு வேலை பார்த்துவந்த லெஸ்டர் கிரென்ஷா என்ற ஒரு மனிதரை நான் பாடகர் ஆக்கி வைத்திருந்தேன். அவரிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

டெனிஸிடமிருந்து ஒன்பது நாள் பதில் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்தது. அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் நீர். பாட்டைக் கேட்டுவிட்டு, மறுபடி போடு என்று விரலால் காட்டினாளாம். அப்புறம் கேட்டாளாம்: "மறு பக்கம் எங்க?"

அவர்கள் வீட்டுப் பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. உன்னிடம் இருப்பதுதான் ஒன்றே ஒன்று. இதற்கு முன் நான் கேட்டது எனக்காக. இப்போது கேட்பது அவளுக்காக. டாக்டர்கள் வாரக்கணக்கில்தான் பேசுகிறார்கள்.

பிரேம்


மிங்கலா தாங்ஞுன்ட்
13 செப்டம்பர் 2024

பிரேம்,

கீழே நியாஸ் பாய் டாக்ஸியில் காத்திருக்கிறார், ஹாரன் அடிக்கிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு மெமரி கார்டு இருக்கிறது, அதுதான் முக்கியம். நெட் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது, பெரிய ஃபைல் எதுவும் போகவில்லை. அதனால் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மெதுவாகவே பதிவு செய்து அனுப்பினால் நீ சரிசெய்துகொள்வாய் என்று தெரியும். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் இந்த வீட்டில் இத்தனை வருடம் ஆம்பளையாக இருந்தாள், ஒரு தடவையாவது பெண்ணாகப் பாடட்டும் என்று தோன்றியது. ஆபித்திடம் திரும்பப் போனேன். மோட்டார் தண்டின் மேல் மோதிரம் மாதிரி மாட்ட ஒரு பித்தளைப் புஷ் கடைந்து கொடுத்தார். தண்டு பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றுமாம். முதல் புஷ்ஷில் எண்பத்தொன்று வந்தது. திரும்பப் பசுந்தாங். இரண்டாவதில் எண்பது. மூன்றாவது தடவை அவரே கடையைப் பூட்டிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். காகிதத்தை ஒட்டி எண்ணிக்கொண்டே தேய்த்தார். எழுபத்தெட்டு.

முதலில் நீ வைத்திருக்கும் பக்கத்தைத்தான் போட்டேன். முதல் வரி வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹார்மோனியம் எடுத்துப் பார்த்தேன். கட்டைக்குக் கட்டை சரியாக நின்றது.

இரண்டாம் பக்கத்தை எட்டுத் தடவை பதிவு செய்தேன். மூன்று தடவை நடுவில் மீ போனது. ஒரு தடவை மொஹிங்கா விற்கிறவள் தெருவில் கூவிக்கொண்டு போனாள். ஒரு தடவை டோ மியா என்ன சத்தம் என்று கேட்கவே வந்துவிட்டார். இன்னும் இரண்டில் ஜெனரேட்டர் இரைச்சல். எட்டாவது முழுதாக வந்தது. போட்டுக் கேட்டபோதுதான் தெரிகிறது, கடைசிச் சரணத்தில் நான் கூடவே பாடியிருக்கிறேன். வாயைத் திறந்ததே எனக்கு நினைவில்லை. எட்டுத் தடவை கேட்டதில் மெட்டு தொண்டைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. மறுபடி எடுக்கலாம் என்று ஊசியை வைத்தேன், மீ போய்விட்டது. இனி ராத்திரிதான் வரும், நியாஸ் பாய்க்கு மூன்று மணிக்கு விமானம்.

என் குரலை எடுக்க முடியுமானால் எடுத்துவிடு. எடுக்க முடியாவிட்டால் அவர்களிடம் மன்னிப்புக் கேள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீலாம்பாள்


பாங்காக்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு வந்த அன்றே கேட்டேன். உன் குரலை எடுக்கப் பார்த்தேன். அரை மணி நேரம் முயன்றேன், பிறகு கை வரவில்லை. நீ பாடி நான் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்கு நீ கிளம்பும்போது நானும் அப்பாவும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

அப்படியே அனுப்பினேன். டெனிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அந்த அம்மாவைப் பார்த்தேன், அக்கா. தலைமுடி முழுக்க வெள்ளை, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான். டெனிஸ் அந்தப் பக்கத்தைப் போட்டாள். கேட்கக் கேட்க அந்த அம்மாவுடைய வலது கை போர்வை மேல் முன்னும் பின்னும் போய்வந்தது. தாளம் என்று நினைத்தேன். தாளம் இல்லை. இஸ்திரி போடுகிறாள்.

கடைசிச் சரணம் வந்தது. கை நின்றுவிட்டது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "என்கூடப் பாடுற அந்தப் பொண்ணு யாரு?" என்றாள்.

நான் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தேன். மீ போனதை, விமானத்தை, எல்லாவற்றையும். வேறு பதிவு எடுத்து அனுப்புகிறோம் என்றேன். அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். "வேற எதுவும் வேணாம். அன்னைக்கு அந்த இடத்துல துணைக்குக் கூடப் பாட ஒருத்தியை விடுங்கன்னு கெஞ்சுனேன். ரெக்கார்டு பண்ணவன் ஒரு குரல் போதும்னுட்டான். நான் தனியாத்தான் பாடினேன். இவ எங்க இருந்து வந்தா?"

என் அக்கா என்றேன். பர்மாவிலிருந்து என்றேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று டெனிஸிடம் கேட்டாள். அப்புறம், "அவ தாமதமா வரலைன்னு சொல்லு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு இரண்டு நாளில் அவள் இறந்துவிட்டாள். பயப்படாதே, அமைதியாகத்தான். அடக்கத்தில் அந்தப் பக்கத்தைத்தான் போட்டார்களாம். நீயும் பாடினாய் அங்கே.

அத்தியாயத்தைப் புதிதாக எழுதுகிறேன். லூசிலின் வாழ்க்கையை டெனிஸ் சொல்கிறாள், லெஸ்டருக்குத் தனியாக ஒரு பத்தி. உன் நம்பர் இன்னும் மூடித்தான் இருக்கிறது. திறந்தால் உன் குரலைக் கேட்பேன்.

பிரேம்


மிங்கலா தாங்ஞுன்ட்
20 அக்டோபர் 2024

தம்பி பிரேம்நாத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்குத் தையல் ஓடவில்லை. நானும் கோவிலுக்குப் போய் முன்பின் தெரியாத அந்த அம்மாவின் பெயருக்கு ஒரு விளக்கு வைத்தேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். பெயர் மட்டும் சொன்னேன், லூசில் என்று. இரண்டு தடவை திருத்தினேன் அவரை.

மிஷினில் புஷ் மாட்டியபடியே இருக்கிறது. அப்பா படத்துக்கு எதிரே வைத்து இரண்டு பக்கமும் போட்டேன். அவருக்கு அந்த ஆம்பளைக் குரல்தான் பிடிக்கும். ஒரு நிமிடம் புஷ்ஷைக் கழற்றிவிடலாமா என்றுகூட இருந்தது. கழற்றவில்லை. கேட்கட்டும்.

நம்பரைத் திறக்கச் சொல்லாதே. போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். காகிதத்தில்தான் நான் சொல்லி முடிக்கும்வரை நீ பொறுத்திருந்தாய். நியாஸ் பாய் மாதா மாதம் வருகிறார், அது போதும். கொஞ்ச நாள் இப்படியே இருப்போம், அப்புறம் பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் இருப்புக் கொள்ளாமல் இருக்கிறது. அந்த அம்மாவிடம் 'என் அக்கா' என்று சொன்னாய், சரி. புத்தகத்தில் அப்படி எழுதாதே. கூடப் பாடியது நீலாம்பாள் சபாபதி, மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன் என்று முழுதாகப் போடு. ஓர் எழுத்தோடு நிறுத்தினால் நாளைக்கு யாராவது என்னையும் ஆம்பளை ஆக்கிவிடுவார்கள்.

நீலாம்பாள்